கடல் கடந்த தொண்டும் கைத்தொழிற் கூடமும்

(பங்கின் யூபிலி விழாக் கருத்தரங்கில், சமூகப்பணிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

யூபிலி என்றால் கோயிலுக்கு வண்ணம் பூசி, கொடியேற்றி, தேர் இழுத்து, அன்பின் விருந்து உண்டு கலைவது நம் வழக்கம். இவ்வாண்டு அத்துடன் நாலு பேர் உட்கார்ந்து யோசிக்கவும் ஒரு நாள் வேண்டும் என்று பேரவை கருதியது. எங்கள் குழுவுக்கு அளிக்கப்பட்ட பொருள், "வெளிநாட்டுத் தொண்டு" என்பதாகும். இதை ஏன் எடுத்துக்கொண்டோம் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நம் பிள்ளைகள் பலர் படிப்புக்கும் வேலைக்கும் கடல் கடந்து போகிறார்கள். அவர்களில் சிலர், "ஓர் ஆண்டு காலம் எங்காவது ஒரு தர்ம நிறுவனத்தில் சம்பளம் இல்லாமல் உழைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். இது முதற் காரணம். வெளிநாட்டிலிருந்து நல்ல மனத்தோடு நம் பக்கம் வருகிறவர்கள், இங்குள்ள சிறு கைத்தொழிற் கூடங்களுக்கு உதவ விரும்புகிறார்கள். இது இரண்டாவது. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். வந்தவர் திரும்பிப் போன பிறகு அந்தக் கூடத்தில் வேலை செய்கிற பெண்ணின் அடுப்பு எரியுமா, எரியாதா?

முதலில் நம் ஊர் நிலைமையைப் பார்ப்போம். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் டி.வி.எஸ். மொப்பெட்டும் வந்தன. அதே பத்தாண்டிற்குள் டைட்டன் கடிகாரமும் வந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் கர்நாடகம். ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இப்போது இந்தியும் கேட்கிறது. விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் போய் நம் பெண்பிள்ளைகளை ஏற்றி வருகின்றன. இது பெரிய மாறுதல், நன்மையான மாறுதலும்கூட.

ஆனால் அந்த பஸ்ஸில் ஏற முடியாதவர்களும் இருக்கிறார்கள். கைக்குழந்தைக்காரி, நாற்பதைத் தாண்டிய கைம்பெண், கால் ஊனமுற்றவர், நோயாளிக் கணவரை வீட்டில் வைத்திருப்பவர் ஆகியோரைக் கம்பெனி வாசலில் யாரும் கூப்பிடுவதில்லை. அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் பஸ்ஸே அரிது. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் தர்ம நிறுவனங்கள் தையற்கூடம், மெழுகுவர்த்தி, காகிதப்பை, புளி கொட்டை நீக்குதல், மாம்பழ ஊறுகாய் போன்ற சிறு தொழில்களை நடத்துகின்றன. இங்கே தர்மமும் வியாபாரமும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இரண்டுக்கும் அடிக்கடி சண்டை வரும். வெளியூர்த் தொண்டர் இந்தச் சண்டையின் நடுவில்தான் வந்து இறங்குகிறார்.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு நமக்குப் பக்கத்திலேயே, வேலூரில் இருக்கிறது. டாக்டர் பால் பிராண்ட் என்ற பெயரை மூத்தவர்கள் கேட்டிருப்பீர்கள். 1914ஆம் ஆண்டு நம் கொல்லிமலையில், ஆங்கிலேய மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் படிக்கும் முன்னர், சில ஆண்டுகள் தச்சு வேலையும் கொத்து வேலையும் முறையாகக் கற்றவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் வழியைக் கண்டார்.

கை நிமிர்ந்தது; நோயாளிகள் மகிழ்ந்து வீட்டுக்குப் போனார்கள். சில நாளில் சிலர் திரும்பி வந்து, "ஐயா, இந்தக் கையை வைத்துக்கொண்டு பிச்சை எடுக்க முடியவில்லையே!" என்று முறையிட்டார்கள். மடங்கிய கைக்கு விழுந்த காசு நேரான கைக்கு விழவில்லை. வேலை தருவாரும் இல்லை, வாடகைக்கு வீடு தருவாரும் இல்லை. வைத்தியம் முடிந்தது, பிழைப்பு மட்டும் எங்கும் இல்லை. அப்போதுதான் அவர் கல்லூரி வளாகத்தில் சில எளிய குடிசைகளைக் கட்டி, "நவஜீவ நிலையம்" என்று பெயரிட்டு, தச்சுப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1950களின் தொடக்கம் அது. தாம் கற்ற தச்சு வேலையைத் தாமே கற்றுக் கொடுத்தார். இளைஞர்கள் மரப் பொம்மைகள் செய்து விற்றார்கள். தர்ம நிறுவனம் நடத்திய சிறு தொழில் என்றால் இதுதான்.

அன்பர்களே, அந்தப் பட்டறையில் நடந்தது வெறும் பொம்மை வியாபாரம் அல்ல. வேலை செய்யும் பையன்களின் கையில் அடிக்கடி புண் வந்தது. தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி உதிரும் என்றே அதுவரை எல்லாரும் நம்பியிருந்தார்கள். பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் கேட்டு ஆராய்ந்தார். உணர்ச்சி இல்லாத கை சுத்தியலையும் உளியையும் அளவுக்கு மீறி அழுத்துகிறது என்றும், சூடு தெரியாமல் பாத்திரத்தைப் பற்றுகிறது என்றும் தெரிந்தது. கருவிகளின் பிடியை மாற்றினார்கள். சில புண்களுக்கு மட்டும் காரணம் தெரியவே இல்லை. இரவில் விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது, எலி வந்து விரலைக் கடிப்பதும், வலி தெரியாமல் பையன் தூங்குவதும் தெரிய வந்தன. அதன்பின் வீடு திரும்புகிற நோயாளிக்கு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்! விரல் இழப்புக்குக் காரணம் வலி தெரியாமையே என்று மருத்துவ உலகம் கற்றுக்கொள்ள, அந்தச் சிறு பட்டறையும் ஒரு பள்ளிக்கூடமாயிற்று.

இதிலிருந்து நாம் பெறுவது என்ன? முதலாவது, அவர் பொம்மை செய்யலாம் என்று எண்ணிக்கொண்டு கப்பல் ஏறவில்லை. தேவை முதலில் வந்தது, தொழில் பிறகு வந்தது. இரண்டாவது, அவர் கையில் உண்மையான தொழில் இருந்தது. மூன்றாவது, விற்ற பொம்மையை மட்டும் எண்ணாமல், செய்தவன் கையையும் பார்த்தார். நான்காவது, அவர் வேலூரில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தார். இரண்டு வார விடுமுறையில் வந்திருந்தால் எலியைக் கண்டிருக்க மாட்டார்.

எல்லாராலும் இருபது ஆண்டு இருக்க முடியாது, உண்மைதான். அமெரிக்க நாட்டில் 1961இல் தொடங்கிய அமைதிப் படை தன் தொண்டர்களை இரண்டு ஆண்டுக்கு அனுப்பியது. 1976 வரை இந்தியாவுக்கும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கோழி வளர்ப்பு, பள்ளிக்கூடம், சுகாதாரம் என்று பல துறைகளில் வேலை செய்தார்கள். அவர்களில் ஒரு மூதாட்டியின் கதை நம் தாய்மார்களுக்குத் தெரிய வேண்டும். லில்லியன் கார்ட்டர் என்ற அம்மையார், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார். 1966இல், தம் 68ஆம் வயதில், பம்பாய்க்கு அருகே விக்ரோலியில் உள்ள கோத்ரெஜ் தொழிலாளர் குடியிருப்புக்கு வந்து, 1968 வரை பணி செய்தார். அவர் நர்ஸ் வேலை கற்றவர். அந்தக் கை வேலையைத்தான் அங்கே மருந்தகத்தில் செய்தார். வயது தடையல்ல, தெரிந்த வேலையைச் செய்தால் போதும் என்பதற்கு அவர் சாட்சி.

இன்னொருவர் தொண்டைப் பாருங்கள். எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்க அம்மையார் 1946இல் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குப் போனார். அங்கே மென்னனைட் சபையாரின் தையல் வகுப்பில் ஏழைப் பெண்கள் அழகாகப் பூவேலை செய்ததையும், விற்க வழியின்றித் திகைத்ததையும் கண்டார். அவர் அங்கேயே தங்கித் தைக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்களுக்குத் தையல் நன்றாகத் தெரியுமே! துணிகளை வாங்கித் தம் ஊருக்குக் கொண்டு வந்து, காரின் பின்பெட்டியில் வைத்து, தெரிந்தவர் வீடு வீடாக விற்றுக் கொடுத்தார். பின்னாளில் அதுவே பல நாட்டுக் கைவினைஞரின் பொருளை விற்கும் கடைகளாக வளர்ந்தது. அந்தக் கடைகளில் சம்பளம் இல்லாத தொண்டர்கள் பலர் நின்று விற்றார்கள். ஆகவே கடல் கடந்து வந்து உதவுவது ஒரு வழி. தன் ஊரில் நின்றபடியே கடல் கடந்த பொருளை விற்றுக் கொடுப்பதும் ஒரு வழி. எந்த இடத்தில் அடைப்பு இருக்கிறதோ அந்த இடத்தில் கை வைக்க வேண்டும்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரியில் குழந்தை பிரான்சிஸ் அவர்களைத் தெரியாதவர் இல்லை. சேலம் பக்கத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து, திருச்சிலுவைச் சபையில் குருமாணவராக இருந்தவர். வங்கதேசப் போரின்போது அகதிகள் முகாமில் தொண்டராகப் பணி செய்தார். பிறகு குருமடத்தை விட்டு, 1979இல் ஐ.வி.டி.பி. என்னும் ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அறுபது கிராமங்களில் 331 தடுப்பணைகள் எழுந்தன. 1989 முதல் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் கவனம் சென்றது. 2012இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோது 8,000க்கு மேற்பட்ட குழுக்களும், ஒன்றரை லட்சம் அளவுக்கு உறுப்பினர்களும் இருந்தார்கள். கடன் கொடுத்து வாங்கியதும் கணக்கு எழுதியதும் அந்தப் பெண்களே. வெளியார் நன்கொடை தொடக்கத்தில் துணை செய்தது. நிலைத்து நின்றதோ பெண்களின் சொந்தச் சேமிப்பு.

ஓசூரில் மிராடா நிறுவனத்தின் வழியையும் சொல்ல வேண்டும். 1968இல் மைசூர் மாநிலத்தில் திபெத்திய அகதிகளைக் குடியமர்த்துவதற்காகத் தொடங்கிய நிறுவனம் அது. 1990களில் நம் பகுதியில் அதன் சங்கப் பெண்களுக்கு டைட்டன் கம்பெனி பயிற்சி கொடுத்து, கைக்கடிகாரச் சங்கிலி கோக்கும் வேலை முதலியவற்றை ஜாப் ஒர்க்காகத் தந்தது. "மீடோ" என்ற பெயரில், கிராமத்துப் பெண்களே பங்குதாரர்களாக உள்ள ஒரு கம்பெனி உருவாயிற்று. இங்கே பயிற்சியாளர் கடல் கடந்து வரவில்லை, பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்தார். கற்றுக்கொடுத்தது இரக்கத்துக்காக மட்டுமல்ல. பொருள் தரமாக வராவிட்டால் டைட்டன் வாங்காது. அந்தக் கண்டிப்பே அப்பெண்களுக்கு மரியாதையைத் தந்தது என்று எண்ணுகிறோம். "பாவம், ஏழைகள் செய்தது" என்று ஒருவர் ஒரு முறைதான் வாங்குவார். "நல்ல சரக்கு" என்றால் மறுபடி மறுபடி வாங்குவார்.

இனி, தொண்டர் ஒருவர் ஒரு சிறு கூடத்துக்கு வந்தால் எங்கே நன்மை, எங்கே தீமை என்பதை ஒரு கணக்கினால் விளக்குகிறோம். உதாரணத்துக்கு ஒரு துணிப்பை. துணி 45 ரூபாய், நூலும் ஜிப்பும் 10, தையல் கூலி 30, வாடகையும் மின்சாரமும் தையல் மிஷின் தேய்மானமும் சேர்ந்து 15. அடக்கம் 100 ரூபாய். பலருக்கு அந்தக் கடைசிப் பதினைந்து கண்ணில் படாது. கூடத்துக்கு இடத்தைச் சும்மா கொடுத்திருப்பார்கள், மிஷின் நன்கொடையாக வந்திருக்கும். ஆகவே 90 ரூபாய்க்கு விற்று, ஐந்து ரூபாய் லாபம் என்று மகிழ்வார்கள். இப்போது ஒரு வெளிநாட்டுத் தொண்டர் வந்து, தம் நண்பர்களுக்கு எழுதி, ஆயிரம் பைக்கு ஆர்டர் பிடித்துத் தருகிறார். எல்லாரும் கை தட்டுகிறோம். ஆனால் பைக்குப் பத்து ரூபாய் வீதம் பத்தாயிரம் ரூபாய் நட்டத்துக்கு அல்லவா ஆர்டர் வந்திருக்கிறது! மிஷின் பழுதாகிற அன்று அது தெரியும். அன்று குறைக்கப்படுவது எது? பெரும்பாலும் தையல் கூலிதான்.

அந்தத் தொண்டர் ஆர்டர் பிடிப்பதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து அடக்க விலை போட்டுக் கொடுத்திருந்தால், அது பெரிய புண்ணியம். அதையும் தாமே போடாமல், கூடத்தில் உள்ள இரண்டு பெண்களுக்குப் போடக் கற்றுக்கொடுத்திருந்தால் இன்னும் பெரிய புண்ணியம். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அடுத்து ஓர் எச்சரிக்கை. சம்பளம் வாங்காத தொண்டர், சம்பளம் வாங்குகிறவரின் இடத்தில் உட்காரக் கூடாது. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அன்போடு மூன்று மாதம் பை வெட்டித் தந்தால், அந்த மூன்று மாதமும் வெட்டுக்கூலி இழந்தவர் யார் என்று கேட்க வேண்டும். விலை போடுதல், தரம் பார்த்தல், படம் எடுத்துப் பட்டியல் தயாரித்தல், மிஷின் பழுது பார்க்கப் பழக்குதல், ஆங்கிலக் கடிதம் எழுதப் பழக்குதல் போன்றவற்றில் தொண்டர் உதவட்டும். போகும்போது அந்த வேலை தெரிந்த இருவரை விட்டுப் போகட்டும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. வெளிநாட்டு நன்கொடைக்கு 1976 முதலே சட்டம் உண்டு, 2010இல் புதிய சட்டம் வந்தது, 2020இல் திருத்தப்பட்டது. பதிவோ முன் அனுமதியோ பெற்ற நிறுவனம் மட்டுமே, அதுவும் புதுடில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கின் வழியாகவே வாங்கலாம். வாங்கியதை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் இப்போது இடமில்லை. தொண்டர் பிரியத்தோடு பணம் திரட்டி யாரோ ஒருவர் கணக்குக்கு அனுப்பினால், அது உதவியாகாது, வம்பாகும். ஆனால் முறையாக விற்ற பொருளுக்கு வரும் நியாயமான விலை நன்கொடை ஆகாது என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. தர்ம நிறுவனம் தொழில் நடத்தினால் அதற்குத் தனிக் கணக்குப் புத்தகம் வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் கேட்கிறது. நன்கொடைப் பெட்டியும் கல்லாப் பெட்டியும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதே இதன் சாரம். வருகிற தொண்டருக்கு அவர் செய்யப் போகும் பணிக்கு ஏற்ற விசா இருக்கிறதா என்றும் முன்பே பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகள் போவதற்கு வருவோம். பிரிட்டன் நாட்டில் தர்மப் பணியாளருக்கென்றே ஒரு தற்காலிக விசா உண்டு. அங்கே பதிவு பெற்ற ஒரு தர்ம நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். செய்யும் வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே, "தொண்டு விசாவில் போ, போன பிறகு நல்ல சம்பளத்தில் வேலை பிடித்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் பணம் கேட்டால், அவர் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்போர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது, கேட்டு அறியலாம். தாலியை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்புகிற தாய்மார்கள் இதைக் கட்டாயம் கேட்டே தீர வேண்டும். தொண்டு என்ற நல்ல சொல்லை ஏமாற்றுக்காரர் கையில் நாம் விடலாகாது.

உண்மையாகவே தொண்டு செய்யப் போகிற பிள்ளைக்கு நாங்கள் சொல்வது மூன்று கேள்விகள். என்னிடம் எந்த வேலை உருப்படியாக இருக்கிறது? என்னைக் கூப்பிட்டவர் யார்; எழுத்தில் கூப்பிட்டாரா? நான் திரும்பும்போது அந்த வேலையை யாரிடம் விட்டு வருவேன்? இந்த மூன்றுக்கும் ஒரு தாளில் பதில் எழுத முடிந்தால், தைரியமாகப் போகலாம். நம் பங்கே வாசல் வரை வந்து வழியனுப்பும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இந்தக் கோயிலில் இன்று உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் எத்தனை பேர் ஓசூர்த் தொழிற்சாலைகளில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர்கள்! ஃபிட்டர் இருக்கிறார், லேத் ஆபரேட்டர் இருக்கிறார், ஸ்டோர் கீப்பர் இருக்கிறார், தரம் பார்த்தவர் இருக்கிறார், சம்பளக் கணக்கு எழுதியவர் இருக்கிறார். நாம் கடல் கடந்து தேடுகிற கைத்திறன் பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டுத் தொண்டர் தமிழ் கற்றுக்கொள்ளவே ஓராண்டு ஆகும். நம்மவருக்குத் தமிழும் தெரியும், தெலுங்கும் தெரியும், கன்னடமும் தெரியும். தேன்கனிக்கோட்டைக்குப் போக விசாவும் வேண்டாம்.

ஆகவே யூபிலியின் நினைவாகக் கல்வெட்டு ஒன்று வைப்பதோடு நில்லாமல், ஒரு நோட்டுப் புத்தகமும் வைப்போம் என்று வேண்டுகிறோம். யாருக்கு என்ன தொழில் தெரியும், வாரத்தில் எந்த நாள் ஒழியும் என்று அதில் பெயர் எழுதுங்கள். நம் சுற்றுவட்டாரத்தில் உள்ள சிறு கூடங்கள் தங்களுக்கு எது தெரியவில்லை என்பதை மறுபக்கத்தில் எழுதட்டும். இரண்டையும் பொருத்தும் வேலையை எங்கள் குழு ஏற்றுக்கொள்கிறது. அந்த நோட்டு ஓராண்டு நடந்த பிறகும் நம்மிடம் இல்லாத ஒரு திறமை தேவைப்பட்டால், அப்போது கடலுக்கு அப்பால் கடிதம் எழுதுவோம். இன்னது வேண்டும், இத்தனை மாதம் வேண்டும் என்று திட்டமாக எழுதுவோம். அப்படிக் கேட்கப்பட்டு வருகிற தொண்டர் வீண்போக மாட்டார். அவரை வரவேற்கிற நாமும் ஏமாற மாட்டோம்.

நோட்டுப் புத்தகம் இன்று முதல் பங்கு அலுவலகத்தில் இருக்கும். பூசை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நிமிடம் நின்று பெயர் எழுதிச் செல்லுங்கள்.